வேலூர் கோட்டை: ஜவ்வாது மலைக் கணவாய்களைக் காவல் காத்த படைக்கோட்டை சிறைச்சாலையாக மாறியது எப்படி?

வேலூர் பேருந்து நிலையத்தில் இறங்கி யாரிடம் வழி கேட்டாலும், கோட்டையை அடையாளமாக வைத்துத்தான் சொல்வார்கள். ஊரின் நடுவே சுமார் 133 ஏக்கர் பரப்பில், கருங்கல் மதிலும் அகழியும் சூழ நிற்கிறது அந்தக் கோட்டை. மாலை நேரத்தில் அகழிக்கரைப் பூங்காவில் குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும். உள்ளே கோயில் மணி கேட்கும்.

ஆனால் இது பூங்காவுக்காகவோ, ஒரு ராஜா சொகுசாக வாழ்வதற்காகவோ கட்டப்பட்ட இடம் இல்லை. மேற்கே மைசூர் பீடபூமி, கிழக்கே ஆற்காட்டுச் சமவெளி. இரண்டுக்கும் நடுவில் ஜவ்வாது மலை. அந்த மலையை ஒட்டிய வழியாக வரும் படையைத் தடுப்பதற்காக நின்ற எல்லைக் கோட்டை இது.

விஜயநகரம், பீஜப்பூர், மராத்தியர், முகலாயர், ஆற்காடு நவாப், ஆங்கிலேயர் என்று இத்தனை பேரின் கொடி இங்கே பறந்திருக்கிறது. இந்தக் கோட்டையின் வரலாற்றைப் புரட்டினால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். வெளியிலிருந்து வந்த படைகளை இந்த மதில்கள் மாதக்கணக்கில் தாங்கின. ஆனால், இங்கே நடந்த பெரிய ரத்தக்களரிகள் மதிலுக்கு உள்ளேதான் நடந்தன.

அது எப்படி? எல்லையே இல்லாமல் போன பிறகும் இந்த எல்லைக் கோட்டை மட்டும் எப்படித் தப்பியது? விரிவாகப் பார்க்கலாம்.

ஜவ்வாது மலைக்கும் கோட்டைக்கும் என்ன சம்பந்தம்?

கொஞ்சம் மேப்பை எடுத்துப் பாருங்கள். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான ஜவ்வாது மலை இன்றைய திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. ஜமுனாமரத்தூர், காவலூர் வானியல் ஆய்வகம், பீமன் நீர்வீழ்ச்சி, அமிர்தி என்று இன்று நாம் சுற்றுலா போகும் இடங்கள் எல்லாம் இந்த மலையில்தான் இருக்கின்றன.

சுற்றுலாப் பயணிக்கு மலை மேலே இருப்பதுதான் முக்கியம். படை நடத்திப் போகிறவனுக்கு மலையின் ஓரத்தில் இருக்கும் வழிதான் முக்கியம். பீரங்கி, மாட்டுவண்டி, குதிரை, தானிய மூட்டை எல்லாவற்றையும் மலை மேல் ஏற்றி இறக்க முடியாது. மலையைச் சுற்றித்தான் போக வேண்டும்.

இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி பகுதிக்கு அன்று பாராமகால் என்று பெயர். அங்கிருந்து ஆற்காட்டுச் சமவெளிக்கு இறங்க இரண்டு வழிகள் முக்கியமானவை.

ஒன்று, ஜவ்வாது மலைக்கு வடக்கே பாலாற்றுப் பள்ளத்தாக்கு. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று ஆற்றோடு சேர்ந்தே வரும் வழி. இன்னொன்று, மலைக்குத் தெற்கே சிங்காரப்பேட்டையிலிருந்து செங்கம் வழியாகத் திருவண்ணாமலைக்கு வரும் கணவாய். இவை தவிர, இன்னும் வடக்கே சித்தூர் பக்கம் மொகிலி கணவாய் இருந்தது.

இந்த வழிகள் இன்றும் மாறவில்லை. சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் பாலாற்றுப் பள்ளத்தாக்கில் போகின்றன. கிருஷ்ணகிரி - திருவண்ணாமலை - திண்டிவனம் நெடுஞ்சாலை செங்கம் வழியாகப் போகிறது. அன்று படைகள் வந்த பாதையில் இன்று லாரிகள் ஓடுகின்றன, அவ்வளவுதான்.

பாலாற்றுப் பள்ளத்தாக்கு சமவெளியாக விரியும் இடத்தில் இருப்பது வேலூர். அதனால்தான் அங்கே ஒரு கோட்டை. வீட்டு வாசலில் பூட்டுப் போடுவது மாதிரி.

கோட்டைக்கு முன்னாடி இங்கே என்ன இருந்தது?

இந்த மலையடிவாரம் எல்லைப் பகுதியாக இருந்தது விஜயநகரக் காலத்தில் தொடங்கிய கதை இல்லை. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இதற்குச் சாட்சி இருக்கிறது.

செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. தமிழ்நாடு தொல்லியல் துறை 1970-களில் அவற்றைப் படித்து நூலாகவே வெளியிட்டது. அவற்றில் பல, மாடுகளைக் கவர வந்தவர்களோடு சண்டையிட்டு மாண்ட வீரர்களுக்கு எடுக்கப்பட்டவை. எடுத்தனூரில் உள்ள முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல்லில் வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்வர்களைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்வெட்டே சொல்கிறது. ஒரு நாய்க்கும் பெயர் பொறிக்கும் அளவுக்கு இந்த எல்லையில் காவல் முக்கியமான வேலையாக இருந்திருக்கிறது.

ஜவ்வாது மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கும் படவேட்டையும் கவனிக்க வேண்டும். பழைய பெயர் படைவீடு. அதாவது படை தங்கும் இடம். சம்புவராயர்களின் தலைநகராக இருந்த ஊர் இது. 14-ம் நூற்றாண்டில் விஜயநகர இளவரசர் குமார கம்பணர் சம்புவராயர்களை வென்ற பிறகு, இந்தப் பகுதி விஜயநகரப் பேரரசின் கீழ் வந்தது. பேரரசு இங்கே கால் ஊன்றியதன் தொடர்ச்சிதான் வேலூர்க் கோட்டை.

வேலூர்க் கோட்டையை யாரு கட்டினது?

16-ம் நூற்றாண்டில், விஜயநகர மன்னர் சதாசிவ ராயரின் கீழ் இருந்த நாயக்கர்களான சின்ன பொம்மு நாயக்கர், திம்மா ரெட்டி நாயக்கர் ஆகியோரின் பெயர்கள்தான் கோட்டையோடு சேர்த்துச் சொல்லப்படுகின்றன. சைவ அறிஞர் அப்பைய தீட்சிதரை ஆதரித்தவர் இதே சின்ன பொம்மு நாயக்கர்.

கோட்டையின் அமைப்பைப் பார்த்தாலே கட்டியவர்களின் கவலை புரியும். கொத்தளங்களோடு கூடிய உயரமான பெரிய மதில். அதற்கு முன்னால் தாழ்வான இன்னொரு மதில். அதற்கும் முன்னால் அகலமான அகழி. சூரியகுண்டம் நீர்த்தேக்கத்திலிருந்து அகழிக்குத் தண்ணீர் வந்தது. அகழியில் முதலைகளை விட்டு வைத்திருந்ததாகவும் பழைய குறிப்புகள் சொல்கின்றன.

ஒரே ஒரு பலவீனம் இருந்தது. கோட்டை சமதளத்தில் இருக்கிறது. கிழக்கே பக்கத்திலேயே குன்றுகள். அந்தக் குன்றுகளில் எதிரி பீரங்கியை ஏற்றிவிட்டால், கோட்டைக்குள் இருப்பவர்கள் பாடு திண்டாட்டம். அதனால் குன்றுகளின் மேலேயும் சிறிய கோட்டைகள் எழுந்தன. அவற்றின் மிச்சங்களை இன்றும் பார்க்கலாம்.

1614: மதிலுக்குள் அழிந்த அரச குடும்பம்

1565-ல் தலைக்கோட்டைப் போரில் தோற்ற பிறகு விஜயநகரப் பேரரசு தெற்கு நோக்கி நகர்ந்துகொண்டே வந்தது. பெனுகொண்டா, சந்திரகிரி, கடைசியில் வேலூர். 17-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 2-ம் வெங்கடபதி ராயர் வேலூரைப் பிடித்துத் தன் தலைநகராக்கினார்.

1614-ல் அவர் இறந்தார். வாரிசாக அவர் தேர்ந்தெடுத்தது அண்ணன் மகன் ஸ்ரீரங்கரை. இதை ஏற்காத ஜக்கராயர் என்ற பிரபு, ஸ்ரீரங்கரையும் அவர் குடும்பத்தையும் கோட்டைக்குள் சிறை வைத்தார். பின்பு அத்தனை பேரையும் கொன்றார்.

தப்பியது ஒரே ஒரு சிறுவன், ஸ்ரீரங்கரின் மகன் ராமதேவன். விசுவாசமாக இருந்த யாசம நாயக்கரின் ஏற்பாட்டில், ஒரு சலவைத் தொழிலாளி அந்தப் பையனைத் துணி மூட்டைக்குள் மறைத்து வெளியே கொண்டுபோனதாகச் சொல்கிறது அக்காலத்து போர்த்துகீசியப் பாதிரியாரின் குறிப்பு.

அந்தச் சிறுவனுக்காகத் தென்னகமே இரண்டாகப் பிரிந்து, கல்லணைக்கு அருகே தோப்பூரில் மோதியது. ஜக்கராயர் போரில் மாண்டார். ராமதேவர் அரியணை ஏறினார். ஆனால் பேரரசு பிறகு தலை நிமிரவில்லை.

அகழி, முதலை, இரட்டை மதில் எல்லாம் இருந்தும் ஒரு அரச குடும்பத்தைக் காப்பாற்ற முடியவில்லை. காரணம், கொலைகாரர்கள் கோட்டைக்கு உள்ளேயே இருந்தார்கள்.

14 மாத முற்றுகை

அடுத்து பீஜப்பூர் சுல்தான்களின் கைக்குக் கோட்டை போனது. 1677-ல் செஞ்சியைப் பிடித்த சத்ரபதி சிவாஜி, அதே வேகத்தில் வேலூருக்கு வந்தார். செஞ்சி சீக்கிரம் கிடைத்தது. வேலூர் கிடைக்கவில்லை.

முற்றுகையைத் தன் தளபதிகளிடம் விட்டுவிட்டு அவர் கிளம்ப வேண்டியதாயிற்று. சுமார் 14 மாதங்கள் தாக்குப்பிடித்த பிறகு, 1678-ல்தான் பீஜப்பூர் காவல்படை சரணடைந்தது. பக்கத்துக் குன்றுகளின் மேல் இருக்கும் கோட்டைகளுக்கு வழங்கும் சஜ்ரா, கோஜ்ரா என்ற பெயர்கள் மராத்தியர் காலத்தை நினைவுபடுத்துகின்றன.

18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முகலாயத் தளபதி தாவூத் கான் மராத்தியரிடமிருந்து கோட்டையைப் பிடித்தார். பிறகு அது ஆற்காடு நவாப்பின் உறவினர்கள் கைக்குப் போனது.

இங்கேயும் பழைய கதைதான். 1742-ல் ஆற்காடு நவாப் சப்தர் அலி வேலூரில் தங்கியிருந்தார். பாதுகாப்பான இடம் என்று நம்பி வந்தவர் அங்கேயே கொல்லப்பட்டார். கொலைக்கு ஏற்பாடு செய்தது வேலூர்க் கோட்டையின் கில்லேதாரும், நவாப்பின் சகோதரியின் கணவருமான முர்துசா அலி.

ஹைதர் அலி வந்தபோது என்ன ஆச்சு?

ஜவ்வாது மலையின் இரண்டு பக்கமும் உண்மையான போர்முனையாக மாறியது மைசூர்ப் போர்களில்தான். மேற்கே ஹைதர் அலி. கிழக்கே ஆற்காடு நவாப்பும் அவர் பின்னால் இருந்த ஆங்கிலேயக் கிழக்கிந்திய கம்பெனியும். நடுவில் மலை.

முதல் மைசூர்ப் போரில், 1767 செப்டம்பர் 3-ம் தேதி செங்கம் கணவாயில் சண்டை மூண்டது. பாராமகாலிலிருந்து பின்வாங்கிய கர்னல் ஜோசப் ஸ்மித்தின் படையை ஹைதரும் நிஜாமும் சேர்ந்து மறித்தார்கள். ஸ்மித் தப்பித் திருவண்ணாமலைக்குப் போனார். அதே மாதக் கடைசியில் அங்கே நடந்த போரில் ஆங்கிலேயர் கை ஓங்கியது.

தெற்கு வழி சரிவராததால், ஹைதரின் பார்வை வடக்கு வழிக்குத் திரும்பியது. திருப்பத்தூர், வாணியம்பாடி இரண்டையும் பிடித்துவிட்டு நவம்பரில் ஆம்பூரை முற்றுகையிட்டார். கேப்டன் கால்வர்ட் தலைமையிலான சிறிய காவல்படை, டிசம்பர் 7 வரை ஏறக்குறைய 4 வாரங்கள் ஆம்பூரை விட்டுக்கொடுக்கவில்லை. வேலூர்ப் பக்கமிருந்து ஸ்மித்தின் படை வந்ததும் ஹைதர் பின்வாங்கினார்.

13 வருடம் கழித்து, 1780 ஜூலையில் ஹைதர் மறுபடியும் வந்தார். இந்த முறை பெரும் படையோடு செங்கம் கணவாய் வழியாக இறங்கினார். செப்டம்பர் 10-ம் தேதி காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை நொறுங்கியது. நவம்பரில் ஆற்காடு விழுந்தது. அடுத்த குறி வேலூர்.

உள்ளே கர்னல் ராஸ் லாங் தலைமையில் காவல்படை. வெளியே மைசூர்ப் படை. குன்றின் மேல் இருந்த கோட்டையைப் பிடிக்க மைசூர் வீரர்கள் கடுமையாக முயன்றார்கள். முடியவில்லை. ஆனால் பட்டினி தாக்கத் தொடங்கியது.

அதனால் போரே அரிசி மூட்டைக்கான போராக மாறியது. ஆங்கிலேயத் தளபதி ஐயர் கூட், 1781 செப்டம்பரில் சோளிங்கரில் ஹைதரோடு மோதினார். நவம்பரிலும், மறுபடி 1782 ஜனவரியிலும் வேலூருக்குத் தானியம் கொண்டுவந்து சேர்த்தார். ஜனவரிப் பயணத்தில் நடுவழியில் அவருக்குப் பக்கவாதம் தாக்கியது. இருந்தும் பல்லக்கில் படுத்தபடியே படையை நடத்திக்கொண்டு வந்தார். ஒரு கோட்டைக்குச் சாப்பாடு போய்ச் சேருவது அவர்களுக்கு அவ்வளவு முக்கியமாக இருந்தது.

ஹைதர் கடைசிவரை வேலூரைப் பிடிக்கவில்லை. 1782 டிசம்பர் 7-ம் தேதி சித்தூர் அருகே முகாமில் இறந்தார்.

எல்லை காணாமல் போனது எப்போது?

மூன்றாம் மைசூர்ப் போரில் நிலைமை தலைகீழானது. 1791 பிப்ரவரியில் கார்ன்வாலிஸ் வேலூரில் படையை நிறுத்தினார். ஆம்பூர் வழியாகப் போவதுபோல் போக்குக் காட்டிவிட்டு, மொகிலி கணவாய் ஏறிக் கோலார், பெங்களூர் என்று போனார். அதுவரை தடுப்பதற்காக இருந்த கோட்டை, தாக்குவதற்கான தளமாக மாறியது.

1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தம் கையெழுத்தானது. பாராமகால் முழுவதும் கம்பெனிக்குக் கிடைத்தது. ஜவ்வாது மலையின் இரண்டு பக்கமும் ஒரே ஆட்சி. மலை எல்லையாக இருந்த காலம் அதோடு முடிந்தது.

1799 பிப்ரவரியில் ஜெனரல் ஹாரிஸின் படை இதே வேலூரிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கிளம்பியது. மே 4-ம் தேதி திப்பு சுல்தான் போர்க்களத்தில் மாண்டார்.

காவல் காக்க எல்லையும் இல்லை, எதிர்க்க எதிரியும் இல்லை. அப்படியென்றால் இவ்வளவு பெரிய கோட்டையை என்ன செய்வது?

கம்பெனி ஒரு முடிவுக்கு வந்தது. ஆட்கள் உள்ளே வரமுடியாத இடத்திலிருந்து, ஆட்கள் வெளியே போகவும் முடியாது. திப்புவின் மகன்கள், குடும்பத்துப் பெண்கள், பணியாளர்கள் எல்லோரும் வேலூருக்குக் கொண்டுவரப்பட்டார்கள். இன்று கோட்டைக்குள் திப்பு மகால், ஹைதர் மகால் என்று அழைக்கப்படும் கட்டடங்கள் அந்தக் குடும்பத்தின் சிறைவாசத்தை நினைவுபடுத்துபவை. அவர்களைச் சுற்றி மைசூர்க்காரர்கள் ஏராளமானோர் வேலூரில் குடியேறினார்கள்.

கம்பெனிப் படையின் முகாமும் அதே மதிலுக்குள், தோற்ற எதிரியின் வாரிசுகளும் அதே மதிலுக்குள். விஷயம் இங்கதான் ஆரம்பிக்குது.

1806 ஜூலை 10: அன்று இரவு நடந்தது என்ன?

சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிராடக். அவரது காலத்தில் சிப்பாய்களுக்குப் புதிய உத்தரவுகள் வந்தன. சீருடையில் இருக்கும்போது நெற்றியில் திருநீறோ நாமமோ கூடாது. கடுக்கன் கூடாது. தாடியை மழிக்க வேண்டும், மீசையை ஒரே மாதிரி வெட்ட வேண்டும். பழைய தலைப்பாகைக்குப் பதில், தோல் பட்டை வைத்த, ஐரோப்பியத் தொப்பி போன்ற புதிய தலைப்பாகை.

இந்துவுக்கும் சரி, இஸ்லாமியருக்கும் சரி, இது மதத்தில் கை வைக்கும் வேலையாகப் பட்டது. தொப்பி போட்டால் அடுத்து மதமாற்றம்தான் என்ற பேச்சு பரவியது. 1806 மே மாதம் வேலூரில் எதிர்ப்புத் தெரிவித்த சிப்பாய்கள் சென்னைக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் ஒரு இந்துவுக்கும் ஒரு இஸ்லாமியருக்கும் கசையடி கொடுத்து, வேலையிலிருந்தும் நீக்கினார்கள்.

ஜூலை 9-ம் தேதி திப்புவின் மகள்களில் ஒருவருக்குக் கோட்டைக்குள் கல்யாணம். அந்தக் கூட்டத்தின் மறைவில் சிப்பாய்கள் ஒன்று சேர்ந்தார்கள். நள்ளிரவு தாண்டி சுமார் 2 மணிக்குத் துப்பாக்கிகள் வெடித்தன.

தூங்கிக்கொண்டிருந்த 69-வது ஐரோப்பியப் படைப்பிரிவின் குடியிருப்பு சுடப்பட்டது. கோட்டைத் தளபதி கர்னல் ஃபேன்கோர்ட் கொல்லப்பட்டார். சிப்பாய்களின் சொந்த அதிகாரிகள் 14 பேரும், 69-வது படைப்பிரிவைச் சேர்ந்த 115 பேரும் மாண்டார்கள். விடியும்போது கோட்டைக் கொடிமரத்தில் புலிச்சின்னம் கொண்ட திப்புவின் கொடி பறந்தது. திப்புவின் மூத்த மகன் ஃபத்தே ஹைதரை அரசராக அறிவித்தார்கள்.

ஆனால் வாயில்களைப் பலமாக அடைத்துக் காவல் போடத் தவறினார்கள். கோட்டைக்கு வெளியே இருந்த ஒரு அதிகாரி, சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தில் இருந்த ஆற்காடு குதிரைப்படைக்குத் தகவல் அனுப்பிவிட்டார். அங்கிருந்து கர்னல் கில்லெஸ்பி 19-வது குதிரைப்படையோடு காலையிலேயே வந்து சேர்ந்தார். மதில் மேல் இன்னும் சில ஐரோப்பிய வீரர்கள் தாக்குப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். கில்லெஸ்பி கயிற்றைப் பிடித்து மதிலில் ஏறினார். பின்னால் வந்த பீரங்கி, கோட்டைக் கதவைத் தகர்த்தது.

அடுத்து நடந்தது பழிவாங்கல். அரண்மனைப் பகுதியில் ஒளிந்திருந்த சுமார் 100 சிப்பாய்களை வெளியே இழுத்து வந்து, சுவரோரம் நிறுத்திச் சுட்டுக்கொன்றார்கள். விசாரணை எதுவும் இல்லை. அன்று மொத்தம் சுமார் 350 சிப்பாய்கள் கொல்லப்பட்டதாக ஒரு கணக்கு உண்டு. இதைவிட அதிகம் என்று சொல்லும் மதிப்பீடுகளும் உண்டு.

பிறகு நடந்த விசாரணையில் 6 பேர் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடிக்கப்பட்டார்கள். 5 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். 8 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். 5 பேர் நாடு கடத்தப்பட்டார்கள். சம்பந்தப்பட்ட 3 படைப்பிரிவுகளும் கலைக்கப்பட்டன.

ஆனால் சிப்பாய்கள் எதை எதிர்த்தார்களோ, அந்தத் தலைப்பாகை உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. கிராடக்கும், சென்னை ஆளுநர் வில்லியம் பென்டிங்கும் லண்டனுக்குத் திரும்ப அழைக்கப்பட்டார்கள். திப்புவின் மகன்கள் கல்கத்தாவுக்கு மாற்றப்பட்டார்கள்.

1857 பெரும் கிளர்ச்சிக்கு 51 ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இது. இரண்டிலும் பொறி ஒரே மாதிரிதான். அங்கே கொழுப்புத் தடவிய தோட்டா, இங்கே தோல் வைத்த தலைப்பாகை. வேலூர் சொன்ன பாடத்தைக் கம்பெனி அரை நூற்றாண்டுக்குள் மறந்துவிட்டது.

கண்டி ராஜா இங்கே எப்படி வந்தார்?

1806-க்குப் பிறகும் வேலூர் அரசியல் கைதிகளின் இடமாகவே இருந்தது. இலங்கையின் கடைசி மன்னர், கண்டியை ஆண்ட ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர். தென்னிந்திய நாயக்கர் வம்சத்தைச் சேர்ந்தவர். இயற்பெயர் கண்ணுசாமி. 1815-ல் ஆங்கிலேயர் அவரைப் பிடித்தார்கள். அடுத்த வருடம் குடும்பத்தோடு வேலூருக்கு அனுப்பினார்கள்.

1832 ஜனவரி 30-ம் தேதி அவர் இறக்கும்வரை, சுமார் 16 ஆண்டுகள் இங்கேயே கழிந்தன. பாலாற்றங்கரையில் அவரது நினைவிடம் இருக்கிறது. உள்ளூரில் முத்து மண்டபம் என்று சொன்னால் தெரியும். கோட்டைக்குள் கண்டி மகால் என்ற பெயரும் அவரால் வந்ததுதான்.

மற்ற கோட்டைகள் போயின, இது மட்டும் எப்படித் தப்பியது?

பக்கத்து ஆற்காட்டைப் பாருங்கள். நவாப்பின் தலைநகர். கிளைவ் பெயர் வாங்கிய இடம். அந்தக் கோட்டையில் இன்று சொல்லிக்கொள்ளும்படி மிஞ்சியிருப்பது டெல்லி கேட் என்ற வாயில்.

வேலூர் தப்பியதற்கு முதல் காரணம், அது ஒருநாளும் சும்மா கிடக்கவில்லை. படை முகாம், சிறை, ஆயுதக் கிடங்கு, பிறகு அரசு அலுவலகங்கள், காவலர் பயிற்சிப் பள்ளி, அருங்காட்சியகம் என்று ஏதாவது ஒரு வேலை அதற்கு இருந்துகொண்டே இருந்தது. ஆட்கள் புழங்கும் இடத்தில் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போவது எளிதில்லை. 1846-ல் ராணுவத்துக்காகக் கட்டப்பட்ட புனித ஜான் தேவாலயம் இன்றும் கோட்டைக்குள் இருக்கிறது.

இரண்டாவது காரணம் சட்டம். கோட்டை, இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னம். இதுபோன்ற சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் கட்டத் தடை உண்டு. அடுத்த 200 மீட்டரில் கட்ட வேண்டுமென்றால் அனுமதி வாங்க வேண்டும். நெருக்கடியான வேலூர் நகரத்தின் நடுவே அகழியைச் சுற்றி இன்னும் வெட்டவெளி தெரிவதில் இந்த விதிக்கும் பங்கு உண்டு.

ஆனால் பாதுகாப்பது என்றால் என்ன என்பதில் வேலூர் மக்களுக்கும் சட்டத்துக்கும் ஒருமுறை உரசல் வந்தது. வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலிப் பேச்சு உண்டு. தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்பார்கள். கடைசியில் சொன்னது கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலைத்தான். போர்க்காலங்களில் வழிபாடு நின்று, ஆயுதக் கிடங்காகவும் பயன்பட்ட கோயில் அது. கல்யாண மண்டபத்தின் சிற்பங்களைப் பார்க்க ஆட்கள் வருவார்கள். கருவறை காலியாக இருக்கும்.

1981 மார்ச் 16-ம் தேதி, சத்துவாச்சாரியில் வைத்திருந்த லிங்கத்தை மக்கள் கொண்டுவந்து கருவறையில் வைத்தார்கள். வழிபாடு இல்லாத சின்னத்தில் புதிதாக வழிபாடு தொடங்கத் தொல்லியல் துறை அனுமதிப்பதில்லை. ஆனாலும் அன்று வைத்த சாமி அங்கேயே இருக்கிறார். தினமும் பூஜை நடக்கிறது.

கோட்டையின் கதை ஒரு பார்வையில்

- 16-ம் நூற்றாண்டு: விஜயநகர நாயக்கர்கள் கோட்டை கட்டுகிறார்கள்
- 1614: கோட்டைக்குள் விஜயநகர அரச குடும்பம் கொலை
- 1677-78: மராத்தியரின் 14 மாத முற்றுகை
- 1742: ஆற்காடு நவாப் சப்தர் அலி கொலை
- 1780-82: ஹைதர் அலியின் முற்றுகை, கோட்டை விழவில்லை
- 1792: பாராமகால் கம்பெனி வசம், எல்லை மறைகிறது
- 1799: திப்புவின் குடும்பம் சிறைவைப்பு
- 1806 ஜூலை 10: சிப்பாய்ப் புரட்சி
- 1816-32: கண்டி மன்னரின் சிறைவாசம்
- 1981: ஜலகண்டேஸ்வரர் கோயிலில் மீண்டும் வழிபாடு

இப்போ போனால் என்ன பார்க்கலாம்?

பெரும்பாலானவர்கள் கோயிலைப் பார்த்துவிட்டு, அகழி முன் ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கொஞ்சம் நேரம் இருந்தால் மதில் மேல் ஏறிச் சுற்றி வாருங்கள். கிழக்கே பார்த்தால், ஹைதரின் ஆட்கள் பிடிக்கத் துடித்த குன்றுகள் தெரியும். மேற்கே பாலாற்றுப் பள்ளத்தாக்கு. தெற்கே அமிர்திப் பக்கம் ஜவ்வாது மலையின் தொடர்ச்சி. இந்த இடத்தில் ஏன் கோட்டை கட்டினார்கள் என்பதற்குப் புத்தகம் தேவைப்படாது.

1806 புரட்சியின் 200-வது ஆண்டில், 2006-ல் இந்திய அஞ்சல் துறை நினைவுத் தபால்தலை வெளியிட்டது. கோட்டைக்கு அருகே மக்கான் சந்திப்பில் நினைவுத் தூண் இருக்கிறது. ஒவ்வொரு ஜூலை 10-ம் தேதியும் அங்கே மலர் வளையம் வைத்து மரியாதை செலுத்துகிறார்கள்.

மற்ற நாட்களில் அந்தத் தூணைத் தாண்டித்தான் பேருந்துகள் போகின்றன. அன்று காலை மதில் ஓரம் நிறுத்திச் சுடப்பட்டவர்களில் பெரும்பாலானோரின் பெயர் யாருக்கும் தெரியாது. அவர்கள் நின்ற கோட்டை மட்டும் அப்படியே இருக்கிறது.